தோவாதேர் கோஜோக் பெயர் ஒட்டிய கிண்ணம்

என் பெயர் நர்ச்சிசா ஹுட்சானு. வயது பதினாறு. தகப்பனார் நெகுலாய் ஹுட்சானு, மரம் அறுக்கும் பட்டறையில் வேலை. விலாசம், பிர்லேஷ்டி நகரம், ரயில் பாதைக்கு அப்பால் ஆலைத் தெரு, ஒன்பதாம் எண் வீடு. எட்டாம் வகுப்போடு பள்ளியிலிருந்து நின்றுவிட்டேன். அம்மா இத்தாலிக்கு வயதானவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் போனதாலும், வகுப்பில் எழுந்து நின்று பதில் சொல்ல எனக்கு வராததாலும் நின்றேன். இப்போது நகர ஆஸ்பத்திரியின் சமையற்கூடத்தில் பத்தியச் சாப்பாட்டு உதவியாளராக வேலை செய்கிறேன். என் மேல் வழக்கு எதுவும் இல்லை. இந்த வழக்கில் திருடியதாகச் சொல்லப்படும் அக்ரிபினா பெஜான் எனக்கு உறவு இல்லை, என்னோடு வேலை செய்பவர். நான் அவரைப் பினா அத்தை என்று கூப்பிடுவேன். அவருக்கும் எனக்கும் பகை இல்லை.

இந்த வாக்குமூலத்தை என் கையாலேயே எழுதுகிறேன். உதவி ஆய்வாளர் துமித்ராஷ் சார் முதலில் என்னைப் பேசச் சொல்லித் தானே எழுதத் தொடங்கினார். நான் சொன்னது அவருக்குக் கேட்கவில்லை. "பாப்பா, நீ பேசுறது உன் சட்டைக் காலருக்குத்தான் கேக்குது" என்றார். எனக்கு வயது குறைவு என்பதால் கூட உட்கார்ந்திருக்கும் என் அப்பா, "வீட்லயும் இப்படித்தான் சார், சாப்பாட்டுல உப்பு இல்லன்னா எந்திரிச்சுப் போய் எடுத்துப்பாளே தவிர, வாயத் தொறந்து கேக்க மாட்டா" என்றார். அதன் பிறகு சார் எனக்குக் காகிதம் கொடுத்து, நடந்ததை நடந்த வரிசையில் எழுத வேண்டும், நினைத்ததை எழுதக் கூடாது, பாவம், ஐயோ என்றெல்லாம் எழுதக் கூடாது, எழுதிய எதையும் அடிக்கக் கூடாது என்று சொன்னார். அந்தப்படியே எழுதுகிறேன்.

நான் சென்ற கோடையில் வேலைக்குச் சேர்ந்தேன். சமையற்கூடம் முன்பு ஆஸ்பத்திரியின் கையில் இருந்தது, பிறகு ஒரு கம்பெனியிடம் ஒப்பந்தத்துக்குப் போய்விட்டது. நான் கம்பெனி எடுத்த ஆள். பினா அத்தை ஆஸ்பத்திரி எடுத்த ஆள். இரண்டு பேரும் செய்வது ஒரே வேலை. சமையல்காரர் பத்திய வகைப்படி வைத்த சாப்பாட்டைக் கிண்ணங்களில் ஊற்றுவோம், தட்டுகளில் அடுக்குவோம், வண்டியில் ஏற்றி வார்டு வார்டாகக் கொண்டுபோவோம், எழுந்து உட்கார முடியாதவர்களுக்குத் தலையணையைத் தூக்கிவைத்துக் கொடுப்போம், பிறகு தட்டுகளைத் திரும்ப எடுத்து வந்து கழுவுவோம். சர்க்கரைக்காரர் சாப்பாடு இதயக்காரருக்குப் போய்விடக் கூடாது என்பதற்காகக் கிண்ணத்தின் மேலேயே நோயாளியின் பெயர் எழுதிய சீட்டை ஒட்ட வேண்டும். என் கையெழுத்து தெளிவாக இருப்பதாகச் சொல்லிச் சீட்டு எழுதி ஒட்டும் வேலையை என்னிடம் கொடுத்திருந்தார்கள்.

வேலை ஒன்றுதான் என்றாலும் சம்பளம் ஒன்று இல்லை. பினா அத்தைக்கு ஆஸ்பத்திரிக் காலத்து வார்டுப் படியும் பணிமூப்புப் பணமும் உண்டு. வேலையில் இருக்கும்வரை அவற்றைக் கம்பெனி கொடுத்தே ஆக வேண்டும் என்று ஒப்பந்தத்தில் இருப்பதாக அத்தை சொல்லியிருக்கிறார். எனக்கு அவை கிடையாது. காகிதத்தில் எனக்கு அரைநாள் வேலை, செய்வது முழுநாள். அது இந்த வழக்குக்குச் சம்பந்தமில்லை என்று சார் இப்போது சொன்னார். எழுதிவிட்டேன், அடிக்கக் கூடாது என்பதால் விட்டுவிடுகிறேன்.

ஆஸ்பத்திரிக் காலத்தில் சமையற்கூடத்து ஆட்களுக்கு வேலை நாளில் ஒருவேளை சூடான சாப்பாடு உண்டாம். கம்பெனி வந்ததும் அதை நிறுத்தி, அதற்குப் பதிலாகச் சாப்பாட்டுச் சீட்டு தருவதாகச் சொன்னார்கள். அந்தச் சீட்டு இன்னும் வரவில்லை. நோயாளி தொடாத சாப்பாட்டைக்கூட யாரும் தின்னக் கூடாது, திரும்ப எடுத்து வந்து தராசில் நிறுத்து, பன்றிப் பண்ணைக்குப் போகும் பீப்பாயில் கொட்ட வேண்டும் என்பது கம்பெனியின் விதி. நாங்கள் வீட்டிலிருந்து ரொட்டியும் வெங்காயமும் கொண்டுவந்து உருளைக்கிழங்கு அறையில் உட்கார்ந்து சாப்பிடுவோம். பினா அத்தை ஒருமுறை பீப்பாயில் சூப்பைக் கொட்டும்போது, "அடுத்த பிறவின்னு ஒண்ணு இருந்தா அந்தப் பண்ணையில பன்னியா பொறக்கணும்டி நர்ச்சி, மூணு வேளையும் பத்தியத்தோட கெடைக்கும்" என்றார். எங்கள் மேற்பார்வையாளர் ரோமுலுஸ் சாரைப் பற்றியும் ஒன்று சொல்லுவார். நகராட்சிக்கு முன்னால் இருக்கும் ஓநாய்ச் சிலையின் கீழே பால் குடிக்கிற இரண்டு குழந்தைகளில் ஒன்றின் பெயரும் ரோமுலுஸ். அதை வைத்து, "பேருக்கு ஏத்த ஆளு, ஓநாய்கிட்டப் பால் குடிச்சவனுக்கு மனுசப் பசி எங்கருந்து தெரியும்" என்பார். இதை அவர் ரோமுலுஸ் சார் காதுபடவும் சொல்லியிருக்கிறார்.

சம்பவம் நடந்தது ஈஸ்டருக்கு முன் வரும் பெரிய நோன்பு தொடங்குவதற்கு முந்தின புதன்கிழமை. மதியச் சாப்பாட்டு வண்டியை நானும் பினா அத்தையும் உள்நோயாளர் வார்டுக்குக் கொண்டுபோனோம். நாலாம் அறையில் ஜன்னலோரப் படுக்கையில் தோவாதேர் கோஜோக் என்பவர் இருந்தார். மலைப் பக்கத்துக் கிராமத்துக்காரர், ஆடு வளர்த்தவர், இதய நோய். அவருக்கு உப்பில்லாப் பத்தியம். வந்த நாளிலிருந்து ஒவ்வொரு வேளையும் அத்தையிடம் உப்புக் கேட்பார். "ஒரு கிள்ளு போடு தாயி, டாக்டர்கிட்ட நான் சொல்ல மாட்டேன்" என்பார். அத்தை, "நான் போட்டா நீங்க மேல போவீங்க, நான் வெளிய போவேன்" என்பார். அவர் சிரிப்பார். சிரித்தால் இருமல் வரும். அவர் மனைவி பராஸ்கிவா அம்மா அவரைச் சிரிக்கவைக்க வேண்டாம் என்று அத்தையைத் திட்டுவார்.

அன்று அவருடைய தட்டில் கோழி சூப், சோளக்களி, ஒரு துண்டு ரொட்டி, வேகவைத்த ஆப்பிள், ஒரு கோப்பைத் தண்ணீர் இருந்தன. சூப் கிண்ணத்தில் அவர் பெயரை எழுதி ஒட்டியது நான். தட்டை அவர் மார்புக்கு நேரே இருக்கும் மேசையில் அத்தை வைத்தார். அவர் அன்று உப்புக் கேட்கவில்லை. அத்தை, "என்ன மாமா, இன்னிக்கு உப்பு வேணாமா?" என்று கேட்டார். அவர் கரண்டியைக் கையில் எடுத்தார், அது கையிலேயே இருந்தது. அதன் பிறகு பராஸ்கிவா அம்மா கத்தினார், அதன் பிறகு நர்ஸ் ஓடி வந்தார், எங்களை வெளியே போகச் சொன்னார், நாங்கள் வண்டியோடு நடைபாதையில் நின்றோம்.

கொஞ்ச நேரத்தில் நர்ஸ் வெளியே வந்து, முடிந்துவிட்டது என்று சொல்லிவிட்டு டாக்டரிடம் போனார். மற்ற அறைகளுக்குச் சாப்பாடு கொடுத்து முடித்து நாங்கள் திரும்பி வந்தபோது தோவாதேர் ஐயாவை முகம்வரை போர்த்தியிருந்தார்கள். தட்டு அப்படியே இருந்தது. கரண்டியை யாரோ திரும்பவும் கிண்ணத்துக்குப் பக்கத்தில் வைத்திருந்தார்கள். பராஸ்கிவா அம்மாவின் கையில் பற்றவைக்காத மெழுகுவர்த்தி ஒன்று இருந்தது. ஆக்சிஜன் இருக்கும் அறை என்பதால் நர்ஸ் கொளுத்தவிடவில்லை. அவர் எங்களைப் பார்த்து, "வெளிச்சம் இல்லாம போயிட்டாரு. கையில மெழுகுவர்த்தி இல்லாம போனா அங்க வழி தெரியாம நிப்பாரே, நான் என்ன பண்ணுவேன்" என்றார். அத்தை அவர் தோளைப் பிடித்துக்கொண்டார். நான் வண்டியைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

தொடாத தட்டு என்பதால் அதை எடுத்துப்போய் நிறுக்க வேண்டும். அத்தை தட்டில் கை வைத்தார். அப்போது பராஸ்கிவா அம்மா அவர் கையைப் பிடித்து, தன் பையிலிருந்து ஒரு புதுத் துண்டை எடுத்துக் கிண்ணத்தின் மேல் போட்டு, "இத நீ வாங்கிக்க தங்கச்சி. தோவாதேர் ஆத்மாவுக்கு. மொதல்ல உனக்குத்தான் குடுக்கறேன்" என்றார்.

அத்தை, "இது கம்பெனியோடது அக்கா, என்னால வாங்க முடியாது. உங்க பையில ரொட்டி ஏதாச்சும் இருந்தா அதக் குடுங்க, வாங்கிக்கறேன்" என்றார்.

பராஸ்கிவா அம்மா, "கம்பெனியோடதா? அவரு பேரு ஒட்டியிருக்கு பாரு. அவருக்குன்னு வந்த சோறு, அவரு கரண்டி. செத்தவன் பேருல குடுக்கறத வேணாம்னு சொல்லுவியா? நீ கிறிஸ்தவச்சிதானே?" என்றார்.

அத்தை என்னைப் பார்த்தார். நான் வண்டியைப் பார்த்தேன். பக்கத்துப் படுக்கைக்காரர் சிலுவைக் குறி போட்டுக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அத்தை இரண்டு கையாலும் கிண்ணத்தை வாங்கி, "கடவுள் அவரை மன்னிக்கட்டும்" என்று சொன்னார். எங்கள் பக்கத்தில் அதைச் சொல்லிவிட்டால் வாங்கிக்கொண்டதாக அர்த்தம். திருப்பிக் கொடுக்க முடியாது. பராஸ்கிவா அம்மா அதன் பிறகுதான் உட்கார்ந்தார்.

அந்தச் சாப்பாட்டைச் சாப்பிட வேண்டும், கொட்டக் கூடாது, சாப்பிட்டால்தான் அது செத்தவருக்குப் போய்ச் சேரும் என்பார்கள். நாங்கள் அதை உருளைக்கிழங்கு அறைக்குக் கொண்டுபோனோம். அன்று புதன்கிழமை, பினா அத்தை புதனும் வெள்ளியும் கறி தொட மாட்டார். ஆகவே கோழி சூப்பை என்னைக் குடிக்கச் சொன்னார், அவர் களியும் ரொட்டியும் மட்டும் சாப்பிட்டார், ஆப்பிளைப் பாதியாகப் பிட்டுக்கொண்டோம். சூப் ஆறிப்போய் மேலே கொழுப்பு படிந்திருந்தது. உப்பு இல்லை. நான் உப்பு டப்பாவைப் பார்த்தேன். அத்தை, "போடாத, அவருக்கு வந்த மாதிரியே குடி" என்றார். குடித்தேன்.

அதன் பிறகு கிண்ணத்தையும் கரண்டியையும் கோப்பையையும் அத்தை தனியாகக் கழுவினார். நான் அவற்றை மற்றதோடு அடுக்கப் போனேன். அத்தை தடுத்து, "இதுவும் குடுத்ததுதான்டி. ஆத்மாவுக்குக் குடுக்கறத பாத்திரத்தோட வாங்கணும். பாத்திரத்தத் திருப்பி வெச்சுட்டா அந்த மனுசன் அங்க கையில வாங்கியா குடிப்பாரு?" என்றார். ரோமுலுஸ் சார் எண்ணிப் பார்ப்பாரே என்று நான் கேட்டேன். "நாளைக்கு வேற கிண்ணம் வாங்கி வெச்சுடறேன். கிண்ணந்தானே, கிட்னியா?" என்றார். அதன் பிறகு மூன்றையும் பராஸ்கிவா அம்மா கொடுத்த துண்டிலேயே முடிந்து, வேலை முடிந்ததும் பின்வாசல் வழியாகக் கொண்டுபோனார். பைக்குள் வைக்கவில்லை. இரண்டு கையிலும் முன்னால் பிடித்துக்கொண்டு போனார். வாசலில் கேமரா இருப்பது அவருக்குத் தெரியும், எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

மறுநாள் காலை ரோமுலுஸ் சார் எங்களை நிற்க வைத்து, ஒரு கிண்ணம் குறைகிறது, தொடாத சாப்பாடு ஒன்று தராசுக்கு வரவில்லை, யார் என்று கேட்டார். பினா அத்தை, "நான்தான் கொண்டுபோனேன்" என்று சொல்லி, நடந்ததைச் சொன்னார். காலையில் சந்தையில் வாங்கிய ஒரு கிண்ணத்தை மேசையில் வைத்தார். பூப்போட்ட எனாமல் கிண்ணம், கம்பெனிக் கிண்ணத்தைவிடக் கனமானது. புதிதாக வாங்கிய ஒரு கரண்டியும் கோப்பையும் அதற்குள் இருந்தன. ரோமுலுஸ் சார் அதைத் தொடாமல் பார்த்து, "பூப்போட்ட கிண்ணம் குடுத்துக் கம்பெனிய வெலைக்கு வாங்கப் பாக்கறீங்களா பினாம்மா?" என்றார். அத்தை, "வெலைக்கு வாங்கறதா இருந்தா மொதல்ல எங்க மதியச் சோத்த வாங்கியிருப்பேன்" என்றார். மற்றவர்கள் சிரித்தார்கள். ரோமுலுஸ் சாரும் சிரித்தார்.

அதன் பிறகு அவர் அத்தையைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். கதவு திறந்திருந்தது, நான் வெளியே தரையைத் துடைத்துக்கொண்டிருந்ததால் கேட்டேன். அத்தை தானாகவே வேலையை விட்டுப் போவதாக எழுதிக் கொடுத்தால் விஷயத்தை இதோடு விடுவதாகவும், இல்லாவிட்டால் போலீசுக்குப் போவதாகவும் சொன்னார். அத்தை, "அடுத்த வருசம் இலையுதிர் காலத்துல எனக்குப் பென்ஷன். இப்ப நானா போனா பாதிதான் வரும். திருடின்னு நீ அனுப்பினா வேலையில்லாத காலத்துப் பணம்கூட வராது. ரெண்டுல எதுல நான் சாகணும்னு கேக்கறியா ரோமுலுஸ்? நான் திருடல. எழுதித் தர மாட்டேன்" என்றார். ரோமுலுஸ் சார், "அப்ப உண்மை வெளிய வரட்டும்" என்றார். அத்தை, "வரட்டும்" என்றார்.

அதன் பிறகு போலீஸ்காரர்கள் அத்தையின் வீட்டுக்குப் போனார்கள். நான் அப்போது அங்கே இல்லை. கிண்ணமும் கரண்டியும் கோப்பையும் சாமி படத்துக்குக் கீழே அலமாரியில், எரிந்து தீர்ந்த மெழுகுவர்த்தியோடு இருந்ததாகச் சார் சொன்னார். இப்போது அவை இந்த மேசையில் பிளாஸ்டிக் பையில் இருக்கின்றன. என்னிடம் காட்டினார்கள். அதே கிண்ணம்தான். சீட்டு பாதி உரிந்திருக்கிறது, ஆனாலும் தோவாதேர் என்று படிக்க முடிகிறது. அது என் கையெழுத்து.

அதன் பிறகு ரோமுலுஸ் சார் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். பினாம்மாவின் இடம் காலியானால் எனக்கு முழுநாள் ஒப்பந்தம் போடுவதாகவும், மருத்துவக் காப்பீடும் வரும் என்றும், வார்டுப் படி மட்டும் வராது என்றும் சொன்னார். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "நான் உன்னப் பொய் சொல்லச் சொல்லல நர்ச்சிசா. உண்மையச் சொல்லு, போதும்" என்றார். அன்று மாலை பேருந்து நிறுத்தத்தில் பினா அத்தை என் கழுத்துத் துணியை இறுக்கிக் கட்டிவிட்டு, "பயப்படாத குட்டி. நீ கூட இருந்த. பாத்ததச் சொல்லு. உண்மையச் சொல்லு, போதும்" என்றார்.

இன்று காலை நானும் அப்பாவும் இங்கே வந்தோம். பினா அத்தையும் வந்து வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். துமித்ராஷ் சார் என் முன்னால் பராஸ்கிவா அம்மாவுக்குத் தொலைபேசியில் பேசினார். எனக்கும் கேட்கும்படி வைத்தார். பின்னால் ஆடுகள் கத்துவது கேட்டது. கிண்ணத்தைக் கொடுத்தீர்களா என்று சார் கேட்டதற்கு அந்த அம்மா, "ஆமா, நான்தான் குடுத்தேன், அந்தத் தங்கச்சி நல்லா இருக்கணும்" என்றார். கிண்ணம் உங்களுடையதா என்று கேட்டார். "அவரோடது. பேரு ஒட்டியிருந்துச்சே" என்றார். விலை கொடுத்து வாங்கினீர்களா என்று கேட்டார். "ஆஸ்பத்திரிக் கிண்ணத்தை யாருய்யா வெலைக்கு வாங்குவா?" என்றார். அப்படியானால் அடுத்தவர் பொருளை நீங்கள் எடுத்துக் கொடுத்ததாக ஆகும், நீங்களும் இங்கே வர வேண்டியிருக்கும் என்று சார் சொன்னார். அவர் மிரட்டிச் சொல்லவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னார். அந்தப் பக்கம் ஆடுகள் இன்னும் கத்திக்கொண்டிருந்தன. அதன் பிறகு அந்த அம்மா, "அப்ப நான் குடுக்கலய்யா. எனக்கு ஞாபகம் இல்ல. அன்னிக்கு என் புருசன் செத்துட்டாரு" என்று சொல்லி வைத்துவிட்டார்.

அதன் பிறகு சார் என்னிடம் சில கேள்விகள் கேட்டார். நான் தலையசைத்துப் பதில் சொன்னேன், அவற்றையும் எழுதச் சொல்கிறார். அன்று அக்ரிபினா பெஜான் பசியாக இருந்தாரா என்று கேட்டார். ஆமாம், நாங்கள் எல்லோரும் மதியத்தில் பசியாகத்தான் இருப்போம். கிண்ணம் கம்பெனியுடையது என்று அவருக்குத் தெரியுமா என்று கேட்டார். தெரியும், அவரே வாயால் சொன்னார். கிண்ணம் துணியில் மறைத்திருந்ததா என்று கேட்டார். துணியில் முடிந்திருந்தது, ஆனால் மறைப்பதற்காக இல்லை, ஆத்மாவுக்குக் கொடுப்பதைத் துண்டோடுதான் கொடுப்பார்கள். ஆம் அல்லது இல்லை என்று சொல்லச் சொன்னார். ஆம். சாப்பாட்டை அவர் மற்றவருக்கும் கொடுத்தாரா என்று கேட்டார். ஆம், சூப்பை எனக்குக் கொடுத்தார். அவர் நோன்பு என்பதால் கறியைத் தொடவில்லை, பசிக்காகவோ ஆசைக்காகவோ வாங்கியிருந்தால் கோழியை விட்டிருப்பாரா, அதனால் அது அவருக்கு உதவும் என்று நினைத்துத்தான் நான் மேலே அதை எழுதினேன். சார் அந்த இடத்தில் பென்சிலால் கோடு போட்டு, பக்கத்தில் "பங்கிட்டார்" என்று எழுதிக்கொண்டார்.

நானும் சாப்பிட்டேன், என்னையும் எழுதிக்கொள்ளுங்கள் என்று சாரிடம் சொன்னேன். இதை மட்டும் கேட்கும்படி சொன்னேன். அப்பா மேசைக்கு அடியில் என் காலை மிதித்தார். சார் பேனாவைக் கீழே வைத்து, "உன்ன எழுதினா நீ சாட்சி இல்ல பாப்பா, கூட்டாளி. ஏற்கனவே அந்தம்மா குடுக்கலன்னுட்டாங்க. நீயும் இல்லன்னா அவங்க தானா எடுத்தாங்கன்னு ஆகும். இப்பவாவது ஒருத்தர் குடுத்து வாங்கினாங்கன்னு நீ ஒரு ஆளாவது சொல்லியிருக்க" என்றார். அது அவருக்கு உதவுமா என்று கேட்டேன். அவர் நான் எழுதிய பக்கங்களை எடுத்துப் பார்த்தார். தெரியும் என்ற இடத்திலும், வாங்கினார் என்ற இடத்திலும், கொண்டுபோனார் என்ற இடத்திலும் பென்சில் கோடு இருந்தது. "கம்பெனிக்கு இது மூணும் போதும்" என்றார். இந்த மூன்றும் இல்லாமல் வேறு மாதிரி எழுதித் தருகிறேன் என்றேன். "நடந்தது வேறயா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "அப்புறம்?" என்றார். அவர் கெட்டவர் இல்லை. எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார்.

வழக்கு முடிந்ததும் கிண்ணத்தை யாரிடம் கொடுப்பீர்கள் என்று கேட்டேன். உரிமையாளரிடம், அதாவது கம்பெனியிடம் என்றார். கம்பெனியில் அது திரும்பவும் அடுக்குக்குப் போகும், அதன் மேல் நான் வேறு பெயர் ஒட்டுவேன். இது நினைத்ததா நடந்ததா என்று தெரியவில்லை, எழுதிவிட்டேன்.

இன்னும் கொஞ்ச நேரத்தில் நான் கையெழுத்துப் போட்டு வெளியே போக வேண்டும். இந்த அறைக்கு ஒரே வாசல்தான், பெஞ்சைத் தாண்டித்தான் போக வேண்டும். பினா அத்தை அவருடைய ஞாயிற்றுக்கிழமைக் கோட்டைப் போட்டுக்கொண்டு வந்திருக்கிறார். பராஸ்கிவா அம்மா சொன்னதை நான் அவரிடம் சொல்ல மாட்டேன். என்ன எழுதினே என்று கேட்பார். உண்மையை எழுதினேன் என்று சொல்லுவேன். அவர் என் தலையைத் தடவி, நல்ல காரியம் செஞ்ச குட்டி என்பார்.

இதில் உள்ள அத்தனையும் நான் கண்ணால் பார்த்ததும் காதால் கேட்டதும்தான். யாரும் சொல்லித் தரவில்லை, யாரும் மிரட்டவில்லை. ஒரு வரியையும் அடிக்கவில்லை. படித்துப் பார்த்தேன், எல்லாம் சரியாக இருக்கிறது.

(ஒப்பம்) நர்ச்சிசா ஹுட்சானு

உடனிருந்த தகப்பனார்: (ஒப்பம்) நெகுலாய் ஹுட்சானு

என் முன்னிலையில்: (ஒப்பம்) துமித்ராஷ், உதவி ஆய்வாளர், பிர்லேஷ்டி